பெரட்டுக்குச் சான்று கேட்டவர்கள்

‘சான்று தேவை’ என்ற இரண்டு சொற்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நீதிமன்றத்தில் கேட்டால் நியாயம். பொலிஸ் சோதனைச் சாவடியில் கேட்டால் அந்தக் காலத்தில் பழகிப்போன விஷயம். ஆனால் நான் பிறந்த மலையில், நானே நின்று பார்த்ததை எழுதினால், அதன் ஓரத்தில் முகம் தெரியாத ஒருவர் வந்து இந்த இரண்டு சொற்களை ஒட்டிவிட்டுப் போனார். அதை முதன்முதலில் பார்த்த சனிக்கிழமை அட்டன் பஸ் நிலையத்தில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்தில் நின்ற கடலைக்காரர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

யுத்தம் முடியாத காலம் அது. பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். குளிர் தாங்காமல் மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வருவார். கணினி தெரிந்தவர். சனிக்கிழமைகளில் அட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்து இணையத்தில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பார். நானும் தங்கைக்குத் தொலைபேசி எடுக்க அதே கடைக்குப் போவேன். ஒருநாள் அவர் திரையைக் காட்டினார்.

“இது ஒரு கலைக்களஞ்சியம் டீச்சர். தமிழிலயே இருக்கு. ஆரும் எழுதலாம், ஆரும் திருத்தலாம்.”

எல்லோருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. எங்கள் ஊரைத் தேடச் சொன்னேன். அகப்படவில்லை. தேயிலையைத் தேடினோம். நீளமான பக்கம் வந்தது. தேயிலை எந்த நாட்டில் பிறந்தது, அதைக் குடித்தால் உடம்புக்கு என்ன நன்மை, எத்தனை பாகை வெந்நீரில் போட வேண்டும் என்பதெல்லாம் இருந்தன. அதைப் பறிக்கிற மனிதர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. பக்கத்துத் தோட்டம் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்திலிருந்து யாரோ மொழிபெயர்த்த பக்கம் இருந்தது. கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், எந்த வெள்ளைக்காரத் துரை காடழித்தார், துரை பங்களாவின் கூரை எந்தப் பாணியில் கட்டப்பட்டது, அது இப்போது எப்படி விடுதியாக இருக்கிறது என்று பக்குவமாக எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு வாக்கியம்: ‘இங்கு தொழிலாளர்களும் வசிக்கின்றனர்.’

தொழிலாளர்களும். அந்த ‘உம்’மைப் பார்த்ததும் எனக்குக் காது சுட்டது. போனால் போகிறதென்று சேர்த்துக்கொண்ட ‘உம்’ அது.

“கோபப்பட்டுப் பிரயோசனமில்லை,” என்றார் கணித சேர். “இல்லாததை நீங்களே எழுதுங்கோ. அதுக்குத்தானே இது இருக்கு.”

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் என்ன எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. பெரட்டு.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லாத் தொழிலாளர்களும் ஒரு களத்தில் கூடவேண்டும். கண்டாக்கு, அதாவது வெளிக்கள உத்தியோகத்தர், அங்கே வந்து நிற்பார். யார் எந்த மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகவேண்டும், யார் புல்லுவெட்டப் போகவேண்டும் என்று பிரித்து அனுப்புவார். அந்தக் கூட்டத்துக்கும் கூடும் களத்துக்கும் சேர்த்துப் பெரட்டு என்று பெயர். பிந்தி வந்தால் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பினால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் என்றால் ஒருநாள் சம்பளம். அரைநாள் வேலைக்கு அரைப்பேர்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொண்ணூறுகளில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஆசிரியர் நியமனம் வரும்வரை நானும் கொழுந்துக்குப் போனவள். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, பனியில் பல் கிட்டித்துக்கொள்ள அந்தக் களத்தில் நின்றிருக்கிறேன். ஒருநாள் வயிற்றுவலியால் பிந்திவிட்டேன். வளைவில் நான் தெரியும்போதே கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. கண்டாக்கு கையைக் காட்டினார், போ என்று. பக்கத்திலிருந்த பெண்கள், “பாவங்க ஐயா, படிச்ச புள்ளைங்க,” என்று கெஞ்சினார்கள். படித்த பிள்ளை என்றதும் அவருக்கு இன்னும் முகம் கறுத்தது. நான் திரும்பி நடந்தேன். அன்று விழுங்கிய கோபம் இன்னும் செரிக்கவில்லை.

அதனால் அந்தக் கட்டுரையை ஒரே மூச்சில் எழுதினேன். விசைப்பலகையில் எனக்கு எழுத்துகள் பிடிபடவில்லை. நான் சொல்லச் சொல்ல சேர் தட்டினார். பாதியில் நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்டார்.

“பெரட்டு எண்டது ‘பரேட்’ எண்ட ஆங்கிலச் சொல்லின்ர சிதைவுதானே டீச்சர். தமிழ்ச் சொல் ஒண்டு போட்டா என்ன?”

“உங்க ஊர்ல அடுப்படிய என்னா சொல்லுவீங்க சேர்?”

“குசினி.”

“குழி தோண்டுற இரும்புக் கம்பிய?”

“அலவாங்கு.”

“ரெண்டும் போர்த்துக்கேயன் குடுத்துட்டுப் போனதுங்க. அத முதல்ல மாத்திட்டு வாங்க. அப்புறம் பெரட்டுக்கு வருவோம்.”

சேர் சிரித்துவிட்டார். பெரட்டு என்றே தட்டினார். அவர் நல்லவர். பிழை என்று தெரிந்தால் முறுக்கிக்கொள்ளாத மனிதர்.

அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால் என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் அந்த இரண்டு சொற்கள். களத்தில் கூடுவார்கள், சான்று தேவை. பிந்தினால் திருப்பி அனுப்புவார்கள், சான்று தேவை. பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு. கட்டுரையைப் பற்றி வாதாடும் இடம். அதில் ஒரு பயனர் மிக மரியாதையாகக் கேட்டிருந்தார். இத்தகவல்கள் எந்த நூலில் உள்ளன, ஆசிரியர் பெயர், பக்க எண் தருக என்று. பதிலுக்கு நான் எழுதியதை சேர் தட்ட மறுத்தார். எழுதக்கூடிய வார்த்தைகள் அல்ல, உண்மைதான்.

“துரை பங்களாக் கூரைக்கு மட்டும் எங்கேருந்து சான்று வந்துச்சு சேர்?” என்று கேட்டேன்.

“கம்பனி வெளியிட்ட புத்தகம் இருக்கு. துரைமார் எழுதி வைச்ச நினைவுகள் இருக்கு. உங்களைப் பற்றி ஆர் அச்சில எழுதினவை?”

ஆர் எழுதினவை. எவ்வளவு சாதாரணமாகக் கேட்டுவிட்டார். அச்சடிக்கக் காசும் நேரமும் வைத்திருந்தவன் தன் கூரையைப் பற்றி எழுதிக்கொண்டான். அது வரலாறு. அந்தக் கூரைக்குக் கீழே வேலை செய்தவர்கள் காலையில் எங்கே போய் நின்றார்கள் என்பதை யாரும் அச்சடிக்கவில்லை. ஆகவே அவர்கள் எங்கும் நிற்கவில்லை. எவரும் எழுதலாம் என்ற இடத்திலும் பழைய வாசல்காரன்தான் நின்றுகொண்டிருந்தான்.

அதோடு விட்டார்களா? சில வாரம் கழித்து வேறொரு பயனர் வந்தார். தூய தமிழில் பற்றுள்ளவர். எங்கோ வெளிநாட்டில் இருக்கிறார் என்று அவர் பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். கொச்சைச் சொற்களை நீக்கி நற்றமிழாக்கியுள்ளேன் என்று குறிப்பு எழுதிவிட்டுக் கட்டுரை முழுவதையும் துடைத்து வைத்திருந்தார். எங்கள் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் தொடர்வீடாகிவிட்டது. அரைப்பேரை அவர் தொழிலாளர்களில் அரைவாசிப் பேர் என்று புரிந்துகொண்டு, அரைநாள் வேலைக்குத் தொழிலாளர்களில் பாதிப்பேர் வருவர் என்று எழுதிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரட்டு என்ற தலைப்பையே மாற்றியிருந்தார். அணிவகுப்பு. தோட்டத் தொழிலாளர்கள் தினமும் அதிகாலையில் அணிவகுப்பில் கலந்துகொள்வர். மேலதிகாரி அணிவகுப்பைப் பார்வையிடுவார்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. படங்கும் கூடையுமாக எங்கள் பெண்கள் இடம் வலம் என்று கைவீசி நடப்பதை நினைத்துப் பார்த்தேன். சிரித்து முடித்ததும் மறுபடி வாசித்தேன். பெரட்டில் நின்ற மனிதர்கள் குளிரிலும் பயத்திலும் நின்றவர்கள். இன்று பேர் கிடைக்குமா என்று கண்டாக்குவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். அதை மாலை மரியாதையோடு நடக்கும் விழாவாக்கிவிட்டார் இந்தப் புண்ணியவான்.

நாங்கள் பழையபடி மாற்றினோம். அவர் மறுபடி மாற்றினார். மறுபடி நாங்கள். கடைசியில் ஒரு நிர்வாகி வந்து சண்டை வேண்டாம் என்று பக்கத்தைப் பூட்டிவிட்டார். பூட்டும்போது அணிவகுப்பு உள்ளே இருந்தது. பெரட்டு வெளியே நின்றது.

அந்த வருடத்தில்தான் கொழும்பிலிருந்து ஓர் அமைப்பு எங்கள் பாடசாலைக்கு வந்தது. இணையத்தில் மலையகத்தைப் பற்றிய தகவல் குறைவாக இருக்கிறதாம், அந்தக் குறையை நிரப்பப் போகிறார்களாம். பேருந்து நிறையக் கணினிகள், பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் சட்டைகள், மத்தியானம் புரியாணிப் பொட்டலம். ஒரே நாளில் எங்கள் பிள்ளைகள் தோட்டங்களின் பெயரில் பக்கம் பக்கமாக உருவாக்கித் தள்ளினார்கள். எல்லாம் ஒரே வாக்கியம்: ‘இது இலங்கையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டமாகும்.’ ஒவ்வொரு பக்கம் உருவாகும்போதும் கைதட்டல், படம் பிடித்தார்கள். மாலையில் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழுக்கு யாரும் சான்று கேட்கவில்லை.

அவர்களை நடத்திவந்த பெண்ணிடம் நான் கேட்டேன்.

“நாளைக்கு இந்தப் பக்கத்தையெல்லாம் யாருங்க பாப்பாங்க?”

“அதை இணையச் சமூகம் பார்த்துக்கொள்ளும்.”

பார்த்துக்கொண்டது. மூன்று நான்கு மாதத்தில் போதிய தகவல் இல்லை என்று கிட்டத்தட்ட எல்லாப் பக்கங்களையும் நீக்கிவிட்டார்கள். ஒரு நாள் வந்து நிரப்பிவிட்டுப் போனால் குறை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்களை நினைத்தால் எனக்கு அந்த வெளிநாட்டுப் பயனரைவிட அதிகக் கோபம் வரும். அவராவது தினமும் வந்து கெடுத்தார்.

அந்தப் பயிற்சிநாளில் நடந்த இன்னொன்று எனக்கு அப்போது தெரியாது. பதினோராம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். நன்றாக எழுதுவாள். அம்மா கொழுந்து பறிக்கிறவர். முந்திய வருடம் மாகாணக் கட்டுரைப் போட்டியில் தாயைப் பற்றி எழுதியிருந்தாள். ‘எங்கள் அம்மா இருட்டோடு எழும்பிப் பெரட்டுக்குப் போவார்’ என்ற வரியில் நடுவர் சிவப்பு மையால் வட்டம் போட்டு, கொச்சை என்று எழுதி அனுப்பியிருந்தார். பரிசும் இல்லை.

“பெரட்டு தமிழ் இல்லீங்களா டீச்சர்?” என்று கேட்டாள்.

“தமிழ்தான். அந்த ஆளுக்குத்தான் தெரியல,” என்று சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். ஆனால் பயிற்சிநாளில் கணினி கைக்கு வந்ததும் முதலில் தேடியது அந்தச் சொல்லைத்தான். பூட்டிவைத்த பக்கம் அவளுக்குக் கிடைத்தது. இவ்வளவு பெரிய கலைக்களஞ்சியத்தில் அணிவகுப்பு என்று போட்டிருந்தால் அதுதானே சரி. தோட்டத்துத் தமிழ் டீச்சர் சொன்னதை நம்புவதா, உலகம் முழுக்கப் படிப்பதை நம்புவதா? நான் அவளிடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் நம்பியிருப்பேன்.

அந்த வருடப் போட்டியில் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதினாள். முதற்பரிசு கிடைத்தது. எங்கள் பாடசாலைக்கு மாகாண மட்டத்தில் வந்த முதல் கோப்பை அது. அதிபர் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

பரிசளிப்பு நுவரெலியாவில் நடந்தது. அவள் அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். முதற்பரிசுக் கட்டுரையை மேடையில் ஒருவர் குரலை ஏற்றி இறக்கி வாசித்தார். ‘வைகறைப் பொழுதில் என் அன்னை அணிவகுப்பில் மிடுக்குடன் பங்கேற்பார். மேலதிகாரிகள் அணிவகுப்பைப் பார்வையிட்டு நல்வாழ்த்துக் கூறுவர்.’ மண்டபம் கைதட்டியது. சிவப்பு வட்டம் போட்ட அதே நடுவர் முன்வரிசையிலிருந்து தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

அந்த அம்மா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

“டீச்சர், இவ யார சொல்றா? பொலிஸ்ல இருக்கற பொம்பளையவா?”

உங்களைத்தான் என்று எப்படிச் சொல்ல? கட்டுரை இல்லையா, கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதுவார்கள் என்று சமாளித்தேன். மகள் கோப்பையோடு இறங்கி வந்தபோது அவர் சிரித்தார். ஆனால் அது விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

செய்தி லயத்துக்கு வந்துசேர எவ்வளவு நேரமாகும்? அடுத்த காலையிலிருந்து கேலி தொடங்கிவிட்டது. “என்னா, அணிவகுப்புக்குக் கெளம்பியாச்சா?” என்று கேட்டார்களாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருவர் காலைத் தட்டி சல்யூட் அடித்தாராம். பொலிஸ்காரம்மா என்று பெயரே வைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் கேலி செய்ய ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார்கள். அந்த அம்மா முதலில் சேர்ந்து சிரித்திருக்கிறார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். பிறகு மகளிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிப்பதையே நிறுத்திவிட்டார். இதையெல்லாம் பிள்ளை என்னிடம் வந்து சொன்னாள், அழாமல், தலையைக் குனிந்துகொண்டு.

“நான் எழுதுனது எங்கம்மாவே இல்லீங்க டீச்சர். கம்ப்யூட்டர்ல இருந்த அம்மா.”

அந்தப் பக்கத்தின் கதை முழுவதையும் நான் அன்று அவளுக்குச் சொன்னேன். சனிக்கிழமை எங்களோடு அட்டனுக்கு வந்தாள். கடையில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தோம். பூட்டை எடுத்துவிட்டிருந்தார்கள். அப்பாடா என்று கீழே இறக்கினால், அணிவகுப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் இப்போது சிறிய எண் ஒன்று நின்றது. அடிக்குறிப்பு. போட்டிக் குழு அச்சிட்ட மலரில் வெளியான முதற்பரிசுக் கட்டுரை, எழுதியவர் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள் என்று அந்தத் தூய தமிழ்ப் பயனர் சான்று சேர்த்திருந்தார். பேச்சுப் பக்கத்தில் வெற்றியோடு ஒரு வரியும் எழுதியிருந்தார்: மலையக மக்களே இச்சொல்லைப் பயன்படுத்துவதற்கு அச்சுச் சான்று கிடைத்துவிட்டது.

அவர் எழுதிய பொய்யை இவள் படித்தாள். இவள் எழுதியதை மலரில் அச்சடித்தார்கள். மலரைக் காட்டி அவர் தன் பொய்யை உண்மையாக்கிக்கொண்டார். மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் என்னை இன்னும் எரியவைத்தது. ஒரு கெட்டவன் அகப்பட்டிருந்தால் அவனைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

பிள்ளை விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். ‘அந்தக் கட்டுரையை எழுதியது நான்தான். இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். எங்கள் அம்மா பெரட்டுக்குத்தான் போகிறார். அணிவகுப்பில் போனதில்லை. தயவுசெய்து மாற்றுங்கள்.’

அடுத்த வாரம் பதில் இருந்தது. ‘நீங்கள்தான் அம்மாணவி என்பதற்கு ஏதேனும் சான்று உண்டா? மேலும், சொந்த அனுபவம் சான்றாகாது.’

நான் மேசையில் ஓங்கி அடித்தேன். கடைக்காரத் தம்பி எட்டிப் பார்த்தான்.

“டீச்சர், கீபோர்ட் புதுசுங்க.”

சேர் விசைப்பலகையை என் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்.

“அவையளின்ர விதியை வைச்சுத்தான் அவையளோட கதைக்க வேணும் டீச்சர். அச்சில வந்த பிழையை அச்சிலதான் அழிக்கலாம். பேப்பருக்கு எழுதுவம்.”

கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் வாரம் ஒருமுறை மலையகப் பக்கம் வரும். அதற்கு எழுதலாம் என்றார். எனக்கு அதிலும் ஆத்திரம்தான். எங்கள் வாயிலிருக்கும் சொல்லுக்கு இன்னொருவன் அச்சுக்கூடத்தில் போய் முத்திரை குத்திக்கொண்டு வரவேண்டுமா? ஆனால் வேறு வழி தெரியவில்லை. நான் எழுதுகிறேன் என்றேன். சேர் மறுத்தார். நான் எழுதினால் ஏற்கெனவே சண்டை போட்டவள் என்று தள்ளிவிடுவார்கள். மலரில் வந்த கட்டுரையை மறுக்க அதை எழுதியவளால்தான் முடியும்.

எழுதினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். பரிசு வாங்கிய பிள்ளை, என் பரிசுக் கட்டுரை பிழை என்று தன் பெயரைப் போட்டு ஊருக்குச் சொல்வது. பதினாறு வயதுப் பிள்ளை ஏன் அதைச் செய்யவேண்டும்? துடைத்து வைத்த மனிதர் செய்யட்டும், வட்டம் போட்ட நடுவர் செய்யட்டும். அதிபரும் என்னைக் கூப்பிட்டார்.

“எதுக்கு டீச்சர் கெளர்றீங்க? புள்ள பரிசு வாங்கியாச்சு. கோப்ப அலுமாரியில இருக்கு. விட்டுருங்க.”

பிள்ளையிடமும் அதையே சொன்னேன், விட்டுவிடலாம், உனக்கு வேண்டாம் என்று. அவள் கேட்கவில்லை. வீட்டில் அம்மா அவளோடு பேசுவது குறைந்துகொண்டே போனது. அவளுக்கு வேறெதுவும் பெரிதாகப் படவில்லை. ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அம்மா எழும்பும் நேரம், அடுப்பில் ரொட்டி, படங்குக் கயிறு, களத்தில் நிற்கும் பயம், பேர் என்றால் என்ன, அரைப்பேர் என்றால் என்ன. பெரட்டு என்ற சொல் வரிக்கு வரி வந்தது. நான் ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. பத்திரிகையும் திருத்தாமல் போட்டது.

பத்திரிகை வந்த ஞாயிற்றுக்கிழமை அவளே அம்மாவை உட்காரவைத்து வாசித்துக் காட்டியிருக்கிறாள். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, கண்டாக்கு ஏசுகிறதை இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாமே என்றாராம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

சேர் அந்தப் பத்திரிகையின் பெயரையும் பக்க எண்ணையும் எடுத்துக்கொண்டு போய்ப் பேச்சுப் பக்கத்தில் வைத்தார். நிர்வாகி வந்தார். தலைப்பு மாறியது. தூய தமிழ்ப் பயனர் சான்றுக்கு நன்றி என்று எழுதினார். அவ்வளவுதான். எங்கள் கொள்ளுப்பாட்டன் காலத்திலிருந்து வாயிலிருந்த சொல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லாகிவிட்டது.

நான் அதோடு ஓயவில்லை. கோபத்தால் ஒரு நன்மை உண்டு, அது ஒரு நாளில் ஆறாது. வாரம் ஒரு சொல் என்று வைத்துக்கொண்டோம். ஒருவர் பத்திரிகைக்கு எழுதுவது, அது அச்சில் வந்தபின் வேறொருவர் கலைக்களஞ்சியத்தில் ஏற்றுவது. எழுதியவரே ஏற்றக்கூடாது, விதி அப்படி. ஏற்றிய பக்கத்தை மூன்றாமவர் தன் கவனிப்பில் வைத்திருக்கவேண்டும். யாராவது கைவைத்தால் அன்றைக்கே போய்க் கேட்கவேண்டும். உடப்புசல்லாவையிலிருந்து ஒரு ஆசிரியை சேர்ந்தார். நல்லதண்ணியில் யாத்திரைப் பருவத்தில் கடை வைத்திருந்த ஒருவர் பருவம் முடிந்தால் வந்து எழுதுவார். மழை, பஸ் வேலைநிறுத்தம், மின்வெட்டு, எது வந்தாலும் சனிக்கிழமை ஒருவராவது அந்தக் கடையில் இருந்தார்கள். கைதட்டலும் இல்லை, சட்டையும் இல்லை. லயம் திரும்பி வந்தது. அரைப்பேரைத் திருப்பிக் கொண்டுவர ஏழெட்டு மாதம் சண்டை போட்டோம்.

இதற்கிடையில் போட்டிக் குழுவிலிருந்து பாடசாலைக்குத் தகவல் வந்தது. கட்டுரையில் பொருட்பிழை இருப்பதாக எழுதிய மாணவியே ஏற்றுக்கொண்டிருப்பதால் பரிசு மீளப் பெறப்படுகிறதாம். கோப்பையைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமாம். பொய் எழுதியபோது கொடுத்தார்கள், உண்மையைச் சொன்னபோது பிடுங்கினார்கள். அந்த நடுவர் அடுத்த வருடமும் நடுவராகவே இருந்தார். அதிபர் கோப்பையை அலுமாரியிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லவில்லை, முகம் மட்டும் சொன்னது.

நான் தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். பிள்ளை விடவில்லை. கோப்பையை ஒரு கடதாசிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வழி முழுக்க நான் அந்தக் குழுவைத் திட்டிக்கொண்டே போனேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காரியாலயத்தில் ஒரு தமிழ் உத்தியோகத்தர் இருந்தார். பையைப் பிரித்துக் கோப்பையைப் பார்த்தார். கட்டுரைப் போட்டி, முதலிடம் என்று பொறித்திருந்ததை வாசித்தார்.

“கிடைச்ச பரிசை ஏன் பிள்ளை திருப்பிக் குடுக்கிறீங்க?”

“பெரட்டுன்னா என்னன்னு தெரியாம குடுத்துட்டாங்க சேர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“பெரட்டு எண்டா என்ன?”

நான் வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இன்டர்நெட்ல இருக்குங்க சேர். நாங்கதான் எழுதி வச்சிருக்கோம். பாத்துக்குங்க.”

கோப்பையை அவர் பக்கம் தள்ளிவிட்டு எனக்கு முன்னால் வெளியே நடந்தாள்.